கலஹாச் சரிவின் சிறு காணி

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்று பெயர். வளாகத்தைக் கடந்ததும் அது ஹந்தானை மலைத்தொடரின் புறத்தே வளைந்து ஏறிக் கலஹாவையும், அதற்கப்பால் தெல்தோட்டையையும் அடைகின்றது. அவ்வழியே முதன்முறை பயணஞ் செய்வோர் இருவகைக் காட்சிகளைக் காண்பர். ஒன்று, கத்தரித்து நிரப்பிய தேயிலைச் சரிவு. மற்றொன்று, ஒழுங்கு எதுவும் புலப்படாமல் அடர்ந்து நிற்கும் மரக்கூட்டம். அந்த மரக்கூட்டத்தைக் காடு என்றே அவர்கள் எண்ணிக்கொள்வர். கொழும்பிலிருந்து எம்மைக் காண வந்த நண்பர் ஒருவர், இத்துணைக் காட்டை அழியாமற் காத்து வைத்திருக்கிறீர்களே என்று மெச்சினார். அது காடன்று, ஒரு குடும்பத்தின் வீட்டுத் தோட்டம் என்று கூறி, மரங்களின் நடுவே மறைந்திருந்த ஓட்டுக் கூரையையும் அதன் மேலெழுந்த அடுப்புப் புகையையும் சுட்டிக் காட்டிய பின்னரே அவர் நம்பினார்.

நேயர்களே, இக்காடு போன்ற காணியின் வரலாற்றையே இன்று சிறிது கூற விரும்புகிறேன். மலைநாட்டின் வரலாறு என்றால் கோப்பித் துரைமாரின் வரலாறு, தேயிலைக் கம்பனிகளின் வரலாறு என்றே பாடநூல்கள் பெரும்பாலும் விரிகின்றன. அவை தோன்றுவதற்கு முன்னிருந்து, அவற்றில் ஒன்று மடிந்த பின்னரும் நிலைத்து நிற்கும் சிறு காணிக்கு இரண்டொரு வரிகளே கிடைக்கின்றன.

இக்காணியை அறிய வேண்டுமாயின் மேலிருந்து கீழ் நோக்கிப் பார்த்தல் வேண்டும். உச்சியிலே பலா, தென்னை, கித்துள், ஈரப்பலா. அவற்றின் நிழலிலே கராம்பு, சாதிக்காய், ஆனைக்கொய்யா. அதற்குங் கீழே கமுகு, வாழை, கோப்பி, தேசி. நிலத்தையொட்டி இஞ்சி, மஞ்சள், சேம்பு, இராசவள்ளி. முள்முருக்கிலும் கமுகிலும் மிளகுக் கொடி சுற்றி ஏறுகின்றது. கிணற்றடியில் வெற்றிலையும் வல்லாரையும். வீட்டின் பின்புறம் ஒரு பசுவோ இரண்டோ. கீழே ஓடையோரத்திலே படிப்படியாக வெட்டிய சில வயல்கள். இவ்வளவும் பெரும்பாலும் ஓரிரண்டு ஏக்கருக்குள் அடங்கிவிடும். அரை ஏக்கரில் இதனை ஒப்பேற்றுவோரும் உளர். மரங்களை இன்ன இடைவெளியில் நடுக என எவரும் அளந்து நட்டதில்லை. வௌவால் போட்ட விதையும், பாட்டன் ஊன்றிய கொட்டையும், விவசாயத் திணைக்களத்தார் கொடுத்த கன்றும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று நிற்கின்றன.

ஒழுங்கின்மை போலத் தோன்றும் இதனுள்ளே நுட்பமான கணக்கு ஒன்று உண்டு. வயல் தரும் நெல் ஆண்டு முழுவதற்கும் போதாது. நெல் குறையும் மாதங்களிலே பலா கைகொடுக்கும். பிஞ்சிலே கறி, முற்றியதிலே அவியல், பழுத்ததிலே பழம், கொட்டையிலும் ஒரு கறி. எஞ்சிய சுளையைக் காயவைத்து மழைக்காலத்துக்கென வைப்பதும் வழக்கம். உப்பும் சீலையும் மண்ணெண்ணெயும் வாங்குவதற்கு வாரந்தோறும் சில்லறை வேண்டும். அதற்குப் பாக்கு, வாழைக்குலை, வெற்றிலை. பாடசாலைச் செலவுக்கும் கடைக் கடனுக்கும் மிளகு. மகளின் திருமணம், வீட்டின் கூரை போன்ற பெருஞ் செலவுகள் கராம்பு நன்றாகப் பூக்கும் ஆண்டுக்காகக் காத்திருக்கும். கராம்போ எல்லா ஆண்டும் ஒரே சீராகப் பூப்பதில்லை. ஆதலின் எங்கள் பகுதியிலே கலியாணங்களும் சீராக வருவதில்லை என்று கடைக்காரர் ஒருவர் நகைப்பதுண்டு. கித்துள் மரம் வைத்தவர் பத்து ஆண்டுக்கு மேலும் பொறுத்திருந்தே பாளை சீவ வேண்டும். பொறுத்தவர்க்குப் பாணியும் கருப்பட்டியும் கிடைக்கும். பசு தரும் பால் பிள்ளைக்கு, சாணம் மரத்துக்கு. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று தாங்கும் என்பதே இதன் அடிப்படை.

கண்டி இராச்சியக் காலத்துக் குடியானவனின் வாழ்வு மூன்று கால்களில் நின்றது எனலாம். பள்ளத்திலே வயல், வீட்டைச் சூழத் தோட்டம், மேட்டிலே சேனையும் மேய்ச்சற் காடும். வயலுக்கு இராஜகாரியம் என்னும் ஊழியக் கடமை இருந்தது. வயலை உண்பவன் அரசனுக்கோ விகாரைக்கோ பிரதானிக்கோ வேலை செய்தல் வேண்டும். தோட்டத்தின்மேல் அத்துணைப் பாரம் இருக்கவில்லை. ஆயினும் அரச கரம் அங்கும் எட்டாமற் போகவில்லை. 1660ஆம் ஆண்டிலே சிறைப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி நாட்டிலே வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற றொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலிலே இது பற்றிச் சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். நல்ல கனி தரும் மரம் ஒன்று கண்ணிற் பட்டால் அதிகாரிகள் அரசன் பெயரால் அதன் அடியிலே கயிறு ஒன்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போடுவராம். அதன்பின் மரத்துக்கு உரியவனும் அதன் கனியைத் தொடலாகாது, தொட்டாற் கடுந்தண்டனை. இக்காரணத்தால் நற்கனி மரங்களை நடுவதிலே மக்களுக்கு ஊக்கம் இருக்கவில்லை என்றும் அவர் எழுதுகிறார். பலாவோ மக்களின் உணவிற் பெரும்பங்காக விளங்கிற்று என்பதும் அவர் நூலால் தெரிகின்றது. நொக்ஸ் தாமும் எலதெத்த என்னும் ஊரிலே துண்டுக் காணி ஒன்றை வாங்கி, வீடு கட்டி, ஆடும் கோழியும் வளர்த்து, தொப்பி பின்னி விற்று வாழ்ந்தவர். சிறு காணிப் பிழைப்பை வெளியிலிருந்து நோக்கி எழுதியவரல்லர். அதனைச் செய்து பார்த்து எழுதியவர். அதனாலேயே அவர் கூற்றுக்கு நான் அதிக மதிப்பளிக்கிறேன்.

1815இலே கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1830களிலே இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. குடியானவனின் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று என்று மகிழ்வதற்குள் மூன்றாவது கால் வெட்டப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியின்றியும் பயிரின்றியும் கிடக்கும் நிலம் அனைத்தும் முடிக்குரியதே என ஊகிக்கப்படும், மறுப்பவர் சான்று காட்டுக என்று விதித்தது. சேனை நிலத்துக்குச் சன்னசோ பழைய உறுதியோ காட்டக் கூடியவர் எத்தனை பேர்? பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிச் சுட்டுப் பயிரிட்டுப் பின் காடாக விடுவதே சேனையின் இயல்பு. சட்டத்தின் கண்ணுக்கு அது பயிரற்ற நிலம். முடிக்குரியதாகிய நிலம் தொடக்கத்திலே ஏக்கர் 5 சிலிங்குக்கு விலைப்பட்டது. வாங்கியவருள் ஆளுநரும், நீதியரசரும், படையதிகாரிகளும், அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரேயாகிய சந்தை அது.

கிராமத்து மாடு நேற்று வரை மேய்ந்த மேட்டிலே இன்று கோப்பி. மாட்டுக்கு இந்தச் சட்டந் தெரியாது. வேலி கடந்த மாடுகளைத் தோட்டத்தார் பிடித்து அடைத்தனர், சில வேளை சுட்டும் கொன்றனர். மாடு குறைந்தது, மாடு குறையச் சாணம் குறைந்தது, உழவும் கடினமாயிற்று. ஒரு காலை வெட்டினால் மற்றை இரண்டும் தளரும் என்பது இதுவே.

ஆயினும் கிராமத்தான் கோப்பியை வெறுத்து ஒதுங்கி நின்றான் என எண்ணுதல் தவறு. ஆங்கிலேயர் பெருந்தோட்டம் அமைப்பதற்கு நெடுநாள் முன்னரே இம்மலைகளில் வீட்டு மரமாகக் கோப்பி நின்றது. அதன் பூவை விகாரைக்குச் சாத்தினார்கள், இலையைக் கறிக்குச் சேர்த்தார்கள். விலை ஏறக் கண்டதும் அவன் பலாவுக்குங் கமுகுக்கும் இடையிலே மேலும் சில கோப்பிக் கன்றுகளை ஊன்றினான். காடு வெட்டும் செலவில்லை, துரையின் சம்பளமில்லை, கங்காணியின் முற்பணமில்லை. வீட்டார் பறித்து, முற்றத்திலே தோலோடு காயவைத்து, வண்டியிலே வந்த வியாபாரியிடம் கொடுத்தனர். தோட்டக் கோப்பிக்குக் கிடைத்த விலை அதற்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலங்கையின் கோப்பி ஏற்றுமதியில் கிராமத்துக் கோப்பிக்குக் கணிசமான பங்கு இருந்தது. சோம்பேறி என்று துரைமார் எழுதி வைத்த அதே குடியானவன் விளைத்த கோப்பி அது.

1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சட் பொடி போன்ற நோய் ஒன்று தோன்றிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அது மலைநாட்டுக் கோப்பியைத் தின்று தீர்த்தது. 1880இலே ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், இஃது ஒரு பூஞ்சணம் என்றும், காற்றிலே பரவுவது என்றும் நிறுவினார். இடைவெளியின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நிரப்பியமை அதற்குப் பாதை வகுத்துக் கொடுத்தது என்றும் அவர் சுட்டினார். அயர்லாந்திலே 1845 முதல் உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பியிருந்த ஏழைகள் பட்ட துயரம் உலகறிந்தது. அங்கே சிறு காணிக்காரனே ஒற்றைப் பயிரில் மாட்டிக்கொண்டான். இங்கே மாட்டியது பெருந்தோட்டம். 1884இலே ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் கப்பலேறினர்.

கலப்புப் பயிர் காப்பாற்றிற்று, கிராமத்தான் தப்பினான் என்று இவ்விடத்தில் கதையை முடித்துவிடல் எளிது. பாடம் நடத்துவோர்க்கு அத்தகைய முடிவிலே ஓர் ஆசையும் உண்டு. நடந்தது அவ்வாறன்று. கோப்பியோடு கிராமத்தானின் கைக்காசும் போயிற்று. நெல்வரியோ காசாகவே கேட்கப்பட்டது. நெல்லாகக் கொடுத்த வரியைக் காசாக மாற்றிய ஏற்பாடு அந்நாளிலே நடைமுறைக்கு வந்திருந்தது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஆண்டுத் தொகை கட்டியாக வேண்டும். 1880களின் முற்பகுதியிலே, கலஹாவுக்கு அண்மையிலுள்ள உடஹேவாஹெட்டையிலும் அதற்கப்பாலுள்ள வலப்பனையிலும், வரி நிலுவைக்காகக் குடும்பங்களின் வயல்கள் ஏலத்திலே போயின. சிறு தொகைக்காக வயலிழந்தோர் பலர். பட்டினியாலும் நோயாலும் இறந்தோரும் உளர். நுவரெலியாவிலே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் இதனை வெளிக்கொணர்ந்தார். இங்கிலாந்து வரை வழக்காடிய பின்னர், ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1892இலே அவ்வரி நீக்கப்பட்டது. பலா வயிற்றை நிரப்பும், வரிகாரனின் பையை நிரப்பாது. காசு கேட்கும் உலகத்திலே காசுப் பயிர் ஒன்றேனும் இல்லாத காணி நிலைக்காது என்பதை ஹேவாஹெட்டை மக்கள் இவ்வாறு கற்றனர். இன்று நாம் காணும் மிளகும் கராம்பும் இத்துணை நெருங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மலையின் மறுபக்கத்துக்குச் செல்வோம். கலஹாவிலிருந்து தெல்தோட்டை வழியாகச் சென்றால் லூல்கந்துர என்னும் தோட்டம் வரும். 1852இலே ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர் 1867இல் அங்கே 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். இலங்கைத் தேயிலையின் வணிகப் பயிர்ச்செய்கை அவ்விடத்திலேயே தொடங்கிற்று. அவர் புகழ் பலரும் அறிந்ததாகலின் விரிக்கவில்லை. நான் சொல்ல விழைவது, தேயிலை மாற்றிய ஒரு செய்தி.

கோப்பி ஆண்டிற் சில மாதங்களுக்கே கூலி கேட்ட பயிர். பழம் பறிக்கும் பருவத்திலே திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மக்கள் மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர். வழியிலே மாண்டோர் தொகை பெரிது. தப்பியோருட் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். ஏன் திரும்பினர்? அங்கே அவர்களுக்கும் ஒரு சிறு காணி இருந்தது. சொந்தமோ வாரமோ, ஒரு துண்டுப் புன்செய், இரண்டு ஆடு, ஒரு மாடு. வானம் பொய்த்த ஆண்டிலே, கடன் முற்றிய ஆண்டிலே, அக்காணியைக் காப்பதற்காகவே மலைக்கு வந்தார்கள். சம்பளம் வாங்கித் திரும்பி நிலத்தை மீட்பது என்பதே எண்ணம். தேயிலை வந்ததும் அது முடியாமற் போயிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதற்கு நிரந்தரமாகக் குடும்பம் வேண்டும், பெண்ணின் விரல் வேண்டும். ஊரிலே நிலம் கைமாறிற்று, இங்கே லயத்தில் ஓர் அறை கிடைத்தது. எங்கள் முன்னோர் கூலிகளாகப் பிறந்து கூலிகளாக வந்தவர்களல்லர். அவர்களுட் பலர் சிறு காணிக்காரர்கள். இதனை என் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லுவதுண்டு.

ஆகவே ஒரே மலைச்சரிவிலே இரண்டு சிறு காணிகள் இழக்கப்பட்டன. சிங்களக் கிராமத்தானுக்கு மேட்டு நிலம் போயிற்று. தமிழ்த் தொழிலாளிக்கு முழு நிலமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் நோக்கி, என் நிலத்தில் நீ வந்து குந்தினாய் என்று ஒருவரும், எனக்கு ஒரு பிடி மண்ணும் இல்லையே என்று மற்றவரும் மனங்கசந்தனர். இருவருக்கும் இடையே நின்ற சட்டப் புத்தகத்தை இருவருமே அதிகம் பார்க்கவில்லை.

உழவனின் கை சும்மா இராது. லயத்தின் பின்புறத்திலே, காணின் ஓரத்திலே, துரை கண்டுங் காணாமல் விட்ட மூலையிலே தொழிலாளிகள் அவரையும் பூசணியும் முருங்கையும் மரவள்ளியும் நட்டனர். மாடு வாங்கிப் பட்டியடைத்து, பால் விற்று, எருவைக் கொல்லைக்கு இட்டனர். மாலை ஐந்து மணிக்குப் பெரட்டுக் களத்திலிருந்து வந்த கால் நேரே கொல்லைக்குப் போகும். பார்வைக்கு இது கண்டித் தோட்டத்தின் சிறுபடி போலவே இருக்கும். வேற்றுமை ஒன்றே: அங்கே பலாவும் கராம்பும், இங்கே மூன்று மாதப் பயிர்.

அரசாங்கங்கள் நிலம் வழங்காமல் இல்லை. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிலமற்ற குடியானவனுக்கு முடிக்குரிய காணி கொடுக்க வழி செய்தது. இந்தியாவிலிருந்து வந்தோரும் அவர் வழியினரும் அதன் வரைவிலக்கணத்துள் அடங்கவில்லை. 1948இலே குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1949இலே நியமிக்கப்பட்ட கண்டியக் குடியானவர் ஆணைக்குழு 1951இல் வெளியிட்ட அறிக்கை, தோட்டங்களால் நெருக்கப்பட்ட கிராமங்களின் நிலப்பஞ்சத்தைத் தெளிவாக எடுத்துரைத்தது. லயத்தின் நிலப்பஞ்சம் அதன் பொறுப்பிலே சேரவில்லை. 1964இன் உடன்படிக்கையிலே 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் இரண்டு பிரதம மந்திரிகள் இணங்கினர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இலே பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எங்கு அனுப்பப்படுவோம் என்று அறியாதவன் பலாக்கன்று நடுவானா? 1972இன் காணிச் சீர்திருத்தம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இலே கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. கண்டியைச் சூழ்ந்த நடு மலைநாட்டிலே, பயன் குன்றிய தேயிலைச் சரிவுகளைப் பிரித்து, மிளகும் கராம்பும் கோப்பியும் கலந்த சிறு காணிகளாக்கும் திட்டங்களும் வகுக்கப்பட்டன. கிராமத்தவர் பலர் அதனாற் பயனடைந்தனர். தோட்ட மக்களுக்கோ அவ்வாண்டுகள் பட்டினியின் ஆண்டுகளாகவும், சில தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆண்டுகளாகவும் நினைவில் நிற்கின்றன.

பலாவின் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பவர், பஞ்சம் வந்தாற் பலாவே காக்கும் என்று நம்பி, நாடெங்கும் பலா நடும் இயக்கம் நடத்தினார். மக்கள் அவரைக் ‘கொஸ் மாமா’ என்றே அழைத்தனர். 1951இன் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றித் தறித்தலாகாது. தன் முற்றத்து மரத்துக்கு அனுமதியா என்று முறைப்படுவோர் உண்டு. 2022இன் நெருக்கடியிலே, அரிசி விலை ஏறி எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றபோது, இவ்வூரில் எத்தனை அடுப்பிலே பலாக்காய் வெந்தது என்பதைக் கண்ட பின்னர், எனக்கு அச்சட்டத்தின்மேல் மதிப்புக் கூடிவிட்டது. 2021 மே மாதத்திலே இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை விதித்து நவம்பரிலே அதனைத் தளர்த்திய காலத்திலும், நெல்லும் மரக்கறியும் தேயிலையும் பட்ட அடியை இம்மரத் தோட்டங்கள் படவில்லை. இலையுதிர்ந்து இலையே உரமாகும் நிலம் அது.

இவ்வளவு தாங்குந் திறனுடைய காணி இன்று எதனால் இளைக்கின்றது? முதற் காரணம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. தந்தை இறந்ததும் பிள்ளைகள் யாவருக்கும் பங்கு. வயலைத் துண்டாட முடியாத நிலை வந்ததும் ‘தட்டுமாறு’ என்னும் வழக்கம் பிறந்தது: பங்காளிகள் ஆண்டு மாறி ஆண்டு முறைவைத்து ஒரே வயலைச் செய்வது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை என்று முறை நீளும். அடுத்த ஆண்டு வேறொருவருக்குப் போகும் வயலுக்கு எவர் எரு இடுவார்? எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலிலே, பத்துத் தென்னை மரங்களில் 2,520இல் ஒரு பங்கு தமக்குரியது என்று ஒருவர் வழக்காடிய செய்தி வருகிறது. அது தென்கரைச் செய்தி. எனினும் இங்கும் உறுதிகளைப் புரட்டுவோர் இதற்கு வியப்படையார்.

இரண்டாவது, வேலைக்கு ஆளில்லாமை. கராம்பு மரம் உயர்ந்தது, கிளை முறியும் இயல்பினது. பூவை மொட்டாகவே கையாற் கொய்தல் வேண்டும். ஏறத் தெரிந்தவர் முதுமையடைந்தனர், இளைஞர் கண்டிக்கும் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போயினர். கூலி கொடுத்தாற் கராம்பின் விலையிற் பெரும்பகுதி ஏறியவருக்கே போய்விடும். ஏறி விழுந்து முதுகொடிந்து படுத்தவரை நான் பார்த்திருக்கிறேன். மிளகுக்கு வேறொரு தொல்லை, களவு. முற்றும்வரை கொடியில் விட்டால் இரவோடிரவாக எவரோ உருவிச் செல்வர்; அதற்கஞ்சிப் பச்சையிலே பறித்தாற் காய் இலேசாகும், விலை வீழும். விலையோ உலகச் சந்தையைப் பொறுத்தது. வியட்நாமிலே நல்ல விளைச்சல் என்றாற் கலஹாக் கடைத்தெருவிலே முகங்கள் வாடும்.

மூன்றாவது, விலங்குகள். காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டும், முள்ளம்பன்றி மரவள்ளியைக் கடிக்கும், மர அணில் இளநீரைத் துளைக்கும், குரங்குக் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே காலையிற் செய்து முடிக்கும். மேட்டுக் காடு குறைந்ததனால் அவை கீழிறங்கின என்பர் சிலர். ஆளற்ற காணிகள் பெருகியதனால் பெருகின என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 5 நிமிட நேரம், அவரவர் காணியிலே நிற்கும் குரங்கு, மயில், மர அணிலை எண்ணித் தருமாறு அரசாங்கம் நாடு முழுவதையுங் கேட்டது. எங்கள் ஊரிலே அந்த ஐந்து நிமிடமும் ஒரு குரங்கும் வரவில்லை என்றும், எட்டே காலுக்கு வந்தன என்றும் பலர் சொல்லிச் சிரித்தனர். சிரிப்புக்கு அடியிலே கசப்பு இருந்தது. கித்துளும் வாழையும் காக்க இயலாமற் காணியைப் பூட்டிவிட்டுப் போன குடும்பங்களை எல்லாரும் அறிவர்.

இன்றைய இலங்கைத் தேயிலையிலே 70 சதவீதத்துக்கு மேற்பட்டது பெருந்தோட்டத்திலன்றிச் சிற்றுடைமையாளரின் நிலத்திலேயே விளைகின்றது; அவற்றிற் பெரும்பகுதி தென்னிலங்கைத் தாழ்நிலத்தது. சிறு நிலத்துக்குத் தேயிலை கைவராது என்று ஒரு நூற்றாண்டாகச் சொல்லப்பட்டது பொய்த்துவிட்டது. ஆனால் தேயிலையை நூறாண்டுக்கு மேலாகப் பிடுங்கிய கைகளுக்கு இச்சிற்றுடைமை இன்னும் எட்டவில்லை. 2003இலே குடியுரிமைச் சிக்கல் சட்டத்தாலே தீர்ந்தது. அதன்பின் லயத்துக்குப் பதிலாகத் தனி வீடும் 7 பேர்ச்சஸ் காணியும் என்னும் திட்டம் வந்தது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஆக, ஏக்கரொன்றில் 22 வீடு. வீடு கட்ட அது போதும். வீட்டைக் கட்டிய பின்னர் பலா ஒன்று நின்றால் அயலவரின் கூரையிலே காய் விழும்.

கலஹாவைச் சூழ்ந்த மலைகளிலே, தேயிலை கைவிடப்பட்டுப் புதர் மண்டிய சரிவுகள் இன்று பல உள. அவற்றிலே துண்டு துண்டாகத் தொழிலாளர் குடும்பங்கள் பயிர் செய்கின்றன. எம் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒருமுறை, வீட்டைச் சுற்றி நிற்பவற்றின் பெயர்களை எழுதி வருமாறு சொன்னேன். கிராமத்திலிருந்து வரும் பிள்ளையின் தாளிலே முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள், பெரும்பாலும் மரங்கள். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையின் தாளிலும் பெயர்களுக்குக் குறைவில்லை: போஞ்சி, முள்ளங்கி, கோவா, தக்காளி, கறிமிளகாய், பூசணி. மரம் என்று ஒன்றுமில்லை. மறுநாள் அப்பிள்ளையின் தந்தையாரைச் சந்தையிலே கண்டு, ஏன் நான்கு மிளகுக் கொடியேனும் ஊன்றலாகாதா என்று கேட்டேன். மிளகு காய்க்க மூன்று வருஷம், கராம்புக்கு ஏழு எட்டு வருஷம், அதுவரைக்கும் இந்த மண்ணிலே இரு என்று எழுதிக் கொடுத்தவர் யார், ஐயா, என்றார் அவர்.

செங்குத்துச் சரிவிலே ஆண்டுக்கு மூன்று முறை மண்ணைக் கொத்திப் போஞ்சி இட்டால், ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடைக்கு இறங்குகின்றது. மரவேர் பிடித்த சரிவிலே அவ்வளவு இறங்குவதில்லை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின் பெருமழையினாற் கண்டி மாவட்டத்தின் பல இடங்களிலே மலை சரிந்து உயிர்கள் போயின. அத்தகைய மழையை எந்த வேரும் முற்றாகத் தடுத்திருக்கும் என்று கூற முடியாது. மழை ஓய்ந்து பாதை திறந்த பின்னர் நான் அம்மனிதரின் கொல்லை வழியே நடந்தேன். கீழ்ப்பாதி ஓடையோடு போயிருந்தது. எஞ்சிய மேற்பாதியிலே அவரும் மனைவியாரும் மீண்டும் போஞ்சிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தனர்.